தோட்டத்துக்குப் பெயரிட்டவர்

ஜெர்மனியின் துரிங்கிய மலைநாட்டில் 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்தவர் பிரெடரிக் பிரோபெல். ஓராண்டு நிறையுமுன்னே தாயை இழந்தார். போதகரான தந்தைக்கு மகனைப் பேணப் பொழுதில்லை. சிற்றன்னையின் அன்பும் நிலைக்கவில்லை. வீட்டைச் சூழ்ந்த தோட்டமும் காடுமே அச்சிறுவனுக்குத் துணையாயின. பதினைந்தாம் அகவையில் வனத்தொழில் பயின்றார். பின்னர்ப் படிகங்களின் இயல்பை ஆராய்ந்தார்.

1837இல் பிளாங்கன்பர்க்கில் சிறுவர்க்கென ஒரு நிறுவனம் கண்டார். கம்பளி நூலாலான ஆறு வண்ணப் பந்துகள், மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம் முதலியவற்றுக்குக் 'கொடைகள்' எனப் பெயரிட்டார். எட்டுக் கட்டைகளாகப் பிரியும் கனசதுரம் குழந்தையின் கையில் வீடாகும், நாற்காலியுமாகும். குழந்தைக்கொரு பாத்தி வேண்டும் என்பதும் அவர் கொள்கை. விதைத்து, நீர் வார்த்து, முளை காண்பதே அங்குப் பாடம். 1840இல் அந்நிறுவனத்துக்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் சூட்டினார். தாய்முகம் அறியாத அவரே, தாய்மார் பாடி விளையாட்டுக் காட்டுதற்குரிய பாடல் நூலை 1844இல் வெளியிட்டார்.

1851இல் பிரஷ்ய அரசு, நாத்திகம் வளர்ப்பன என்று சொல்லி அத்தோட்டங்களைத் தடைசெய்தது. உடன்பிறந்தார் மகன் கார்ல் எழுதிய நூலை இவர் கருத்தென மயங்கியதும் ஒரு காரணம். விளக்கிச் சொல்லியும் பயனில்லை. 1852 ஜூன் 21 அன்று அவர் மறைந்தார். தடை நீங்கியதோ 1860இல்தான்.

ஷ்வைனாவில் உள்ள அவர் கல்லறைமேல் கனசதுரமும் உருளையும் உருண்டையும் கல்லில் அடுக்கப்பெற்றுள்ளன. அவர் தந்த சொல் உலகெங்கும் வழங்குகிறது. அச்சொல் குறித்த பாத்திகளோ பல பள்ளிகளில் இல்லை.