ஒரு அவுன்ஸ் வாத்தியார்!

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

எங்க ஹாஸ்டலில் நைக்கி ஷூ வைத்திருப்பவர்கள் மொத்தம் மூணு பேர். அதில் ரெண்டு பிளாட்பாரச் சரக்கு. அது போகட்டும். ஓட்டக்காரர்கள் போடும் ஷூவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கட்டம் கட்டமாக முளைகள் இருக்கிறதே, அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மூணு பேருக்கும் தெரியவில்லை. ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது என்றேன். சிரித்தார்கள்.

அந்தச் சமையலறைக்குச் சொந்தக்காரர் பில் பௌவர்மன். எஞ்சினியர் அல்ல, ஓட்டப் பயிற்சி கொடுத்த வாத்தியார். அவரைப் பற்றி நான் எழுத வந்ததற்கு இன்-பிளான்ட் டிரெய்னிங்கில் நடந்த ஒரு விஷயம் காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், போர்ட்லண்ட் நகரில் 1911-ல் பிறந்தார். அப்பா அதே மாநிலத்தில் கொஞ்ச காலம் தற்காலிக கவர்னராக இருந்தவர். ஆனால் பெற்றோர் பிரிந்துவிட, அம்மாவின் ஊரான ஃபாசில் என்ற குக்கிராமத்தில் வளர்ந்தார். கூடப் பிறந்த இரட்டைச் சகோதரன் சிறு வயதிலேயே லிஃப்ட் விபத்தில் இறந்து போனான். படித்தது ஓரிகன் பல்கலைக்கழகம். பிறகு பள்ளிக்கூட வாத்தியார் வேலை, 1936-ல் பார்பராவோடு கல்யாணம், இரண்டாம் உலகப் போரில் இத்தாலி மலைகளில் ராணுவ சேவை. இதையெல்லாம் வேகமாகத் தாண்டி 1948-க்கு வருவோம். அந்த வருஷம் யூஜின் நகரில், தான் படித்த அதே பல்கலைக்கழகத்துக்கே தடகளப் பயிற்சியாளர் ஆனார்.

இருபத்திநாலு வருஷம் அங்கே வேலை பார்த்தார். நாலு முறை அவருடைய அணி தேசியப் பல்கலைக்கழகப் பட்டம் வென்றது. ஒரு நாள் கடுமையாக ஓடு, மறுநாள் சும்மா மெதுவாக ஓடி உடம்பைத் தேற்று என்பது அவர் முறை. ஆனால் என்னை இழுத்தது அவருடைய இன்னொரு பைத்தியம். ஷூவின் எடை!

அவர் போட்ட கணக்கு இதுதான். ஓடுபவரின் ஒரு எட்டு ஆறு அடி. ஒரு மைலுக்கு 5,280 அடி. ஆக 880 எட்டு. ஒவ்வொரு ஷூவிலும் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் குறைத்தால், ஒரு மைலில் 880 அவுன்ஸ் தூக்காமல் மிச்சம். நம்ம அளவில் சுமார் 25 கிலோ. ஒரு அரிசிச் சிப்பம்! நம்ம அப்ளைடு மெக்கானிக்ஸ் சார் இந்தக் கணக்கைப் பார்த்தால் பாதி மார்க்தான் போடுவார். எடையை இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் அது வேலை ஆகாது, உயரமும் வேகமும் எங்கே என்று கேட்பார். ஆனால் வாத்தியார் பிடித்த இடம் சரி. பின்னாளில் பரிசோதனைச் சாலையில் ஓடுபவரின் ஆக்சிஜன் செலவை அளந்து பார்த்தார்கள். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் செலவு சுமார் ஒரு சதவீதம் கூடுகிறது. மாரத்தானில் ஒரு சதவீதம் என்பது ஒரு நிமிஷத்துக்கு மேல்!

அப்படியானால் வெறுங்காலே மேல் அல்லவா என்று கேட்பீர்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஜெயித்தார், உண்மைதான். 1964 டோக்கியோவில் அவரே ஷூ போட்டுக்கொண்டு ஜெயித்தபோது மூணு நிமிஷம் முன்னதாகவே வந்து சேர்ந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெத்தை இல்லாவிட்டால் அதிர்ச்சியைக் கால் தசைதான் தாங்க வேண்டும், அதற்கும் சக்தி செலவாகும். எடை குறையணும், மெத்தையும் இருக்கணும். ரெண்டும் ஒன்றுக்கொன்று பகை. பௌவர்மனின் தலைவலியே இதுதான்.

முதலில் ஷூ கம்பெனிகளுக்கு யோசனைகளை எழுதிப் போட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. சரி, நானே தைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். 1950-களின் கடைசியில் அவர் கையால் செய்த ஷூவை முதலில் போட்டு ஓடியவர் பில் நைட் என்ற மாணவர் என்கிறார்கள். இல்லை, நான்தான் என்று ரோமில் 400 மீட்டர் தங்கம் வென்ற ஓடிஸ் டேவிஸ் சொல்லியிருக்கிறார். சோதனை எலியாக இருந்ததற்குக்கூடப் போட்டி! நமக்கு வொர்க்‌ஷாப்பில் டென்சைல் டெஸ்டிங் மெஷின் இருக்கிறது. அவருக்கு இருந்த மெஷின் பையன்களின் கால்கள்தான்.

அந்த மெஷினும் சில சமயம் உடைந்தது. 1960-களின் நடுவில் கென்னி மூர் என்ற மாணவருக்குப் பாத எலும்பில் விரிசல் விட்டது. அவர் போட்டிருந்த ஷூவை வாங்கி வாத்தியார் அறுத்துப் பார்த்தார். உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கலே இல்லை, குதிகாலில் மெத்தையும் போதவில்லை. உடனே குதிகால் முதல் விரல் வரை ஸ்பான்ஜ் வைத்து வேறு மாதிரி வரைந்தார். பின்னால் கோர்டெஸ் என்று உலகமெல்லாம் விற்ற ஷூ அதுதான். மூர் குணமாகி 1972 மியூனிக் மாரத்தானில் நாலாவதாக வந்தார்.

இதற்கிடையில் 1964-ல் பில் நைட்டும் இவரும் ஆளுக்கு 500 டாலர் போட்டு, ஜப்பானிய ஷூவை இறக்கி விற்க ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். 1971-ல் அவர்கள் சொந்தச் சரக்குக்கு வைத்த பெயர்தான் நைக்கி.

இனி சமையலறை. பல்கலைக்கழக மைதானத்தில் பழைய கரித்தூள் தடத்தை எடுத்துவிட்டு செயற்கைத் தடம் போட்டார்கள். ஆணி இல்லாமலேயே புல்லிலும் ரோட்டிலும் இந்தத் தடத்திலும் பிடிக்கிற, கனமில்லாத அடிப்பாகம் வேண்டும். எதைப் பார்த்தாலும் அதே யோசனை. ஒரு காலை பார்பரா வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார். வாஃபிள் இரும்பு என்பது நம்ம வீட்டு அச்சு முறுக்கு அச்சுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. ரெண்டு தட்டு, உள்ளே கட்டம் கட்டமாக மேடு பள்ளம், நடுவில் மாவு. அந்தக் கட்டத்தையே அவர் வெறித்துப் பார்த்தார். பிறகு இரும்பைத் தூக்கிக்கொண்டு போய் மாவுக்குப் பதில் யூரித்தேனை ஊற்றிவிட்டார்!

ஃபவுண்டரி ஷாப்பில் பார்ட்டிங் சாண்ட் தூவ மறந்து, கோப்பும் டிராகும் ஒட்டிக்கொண்டு திட்டு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? வாத்தியாரும் அதே கேஸ்தான். ஒட்டாமல் இருக்கப் பூச வேண்டியதைப் பூச மறந்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்த இரும்பு அப்படியே இறுகிப் போச்சு. விடவில்லை, வேறு அச்சுகளில் திரும்பத் திரும்ப முயன்றார். 1972-ல் யூஜினில் நடந்த ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில், கையால் செய்த கொஞ்ச ஜோடிகளைச் சிலர் போட்டு ஓடினார்கள். 1974-ல் பேடண்ட் கிடைத்தது, எண் 3,793,750. அதே வருஷம் வாஃபிள் டிரெய்னர் கடைக்கு வந்தது. கையால் செய்த அந்த ஜோடிகளில் ஒன்று 2019-ல் 4,37,500 டாலருக்கு ஏலம் போனது. ஷூவுக்கா, மியூசியப் பொருளுக்கா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆனால் வாத்தியார் அந்த ஷூவைப் போட்டு ஓட முடியவில்லை. அவர் வேலை செய்தது சின்ன அறை, காற்றோட்டம் கிடையாது. அடிப்பாகம் ஒட்டுகிற பசையில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருந்தது. வருஷக்கணக்காக அதைச் சுவாசித்தார். உடம்புக்குள் போன ஹெக்சேன் வேறொரு பொருளாக மாறி நரம்பை அரிக்கும். நீளமான நரம்பு முதலில் போகும், அதாவது பாதம். அவர் காலில் நரம்பு கெட்டு நடையே தாங்கலாகிவிட்டது. சாதாரண ஜனங்களுக்கு மெது ஓட்டம் சொல்லிக்கொடுத்து, 1960-களில் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதிய மனுஷன், கடைசியில் நொண்டியபடி தடத்தோரம் நின்று பார்த்தார். 1999 டிசம்பர் 24 அன்று, வளர்ந்த அதே ஃபாசிலில், 88 வயதில் இறந்தார். ஒட்டிப்போன அந்த வாஃபிள் இரும்பு 2010-ல் அவர் வீட்டுப் பழைய குப்பைக் குழியிலிருந்து துருப்பிடித்துக் கிடைத்தது.

இப்போது என் விஷயம். ஐந்தாம் செமஸ்டர் முடிந்து ஒரு ஷூ யூனிட்டில் பதினைந்து நாள் டிரெய்னிங். பேஸ்டிங் அறையில் பத்து நிமிஷம் நின்றால் எனக்குத் தலை கிறுகிறுக்கும். தூசி வரும் என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள். அங்கே ஏழு வருஷமாகப் பசை தடவும் ஒரு அக்கா, சாயங்காலம் ஆனால் பாதம் மரத்துப் போகுது தம்பி என்று சொல்வார். நின்றுகொண்டே வேலை செய்கிற அசதி என்றுதான் நானும் நினைத்தேன். பௌவர்மன் கதையைப் படித்தது அதற்கப்புறம்.

ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கப் போன மாதம் அங்கே போனேன். பசை டின்னைத் திருப்பி லேபிளைப் பார்த்தேன். சின்ன எழுத்தில் இருந்தது ஹெக்சேன். அக்காவிடம் தமிழில் சொன்னேன், டாக்டரிடம் காட்டும்போது இந்தப் பெயரையும் சொல்லுங்கள் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தேன். அவர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னலைப் பாதி திறந்து வைத்தார். சூப்பர்வைசர் அப்போது சாப்பிடப் போயிருந்தார்.