காதற் பாட்டைக் காத்த பெரியவர்

வேதியியல் மாணவனுக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். நான் தமிழகத்திற்கு வெளியே வளர்ந்தவன். தமிழை வீட்டிலே பேசக் கற்றேனேயன்றிப் பள்ளியிலே படித்தேனில்லை. இருபத்து மூன்றாம் வயதில், இப்பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான், குறுந்தொகையைக் கையில் எடுத்தேன். பிரிவிலும் தேயாத அன்பைச் சில அடிகளிலே சொல்லும் அப்பாட்டுக்கள் என் உள்ளத்தைக் கவர்ந்தன. அவற்றை நமக்குத் தெளிவாகப் படிக்கத் தந்தவர்களுள் தலையானவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார் அவர். தந்தையார் இசை வல்லவர். மைந்தரோ தமிழையே நாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அப்பெரும்புலவர் 1876-இல் மறையும்வரை பாடம் கேட்டார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டிலேதான் அவர் வாழ்வு திரும்பியது. அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரிடம், தாம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் பெருமையோடு அடுக்கினார் ஐயர். முதலியாரோ அவற்றினும் பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் படித்திருக்கவில்லை. அதற்காக வெட்கித் தளர்ந்தாரா? இல்லை! முதலியார் தந்த சிந்தாமணியைக் கற்கத் தொடங்கினார். அது சமண நூலாதலால், கும்பகோணத்துச் சமணர்களை நாடி ஐயம் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர்ப் பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் வெளிவந்தன.

குறுந்தொகைக்கு வருவோம். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுக்கள் கொண்ட நூல் அது. சில பாட்டுக்களைப் பாடியவர் பெயரே மறைந்துவிட்டது. செம்புலப்பெயனீரார் என்பவருக்குப் பாட்டில் அமைந்த உவமையே பெயராயிற்று. பழைய உரையும் அழிந்துபோயிற்று. 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் இந்நூலை முதன்முதல் உரையோடு பதிப்பித்தார். ஐயரோ பல ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்தி, தாமே உரையும் எழுதி, 1937-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 82!

அப்பதிப்பில் என்னைப் பெரிதும் ஈர்த்தவை பாடபேதக் குறிப்புகள். ஓர் ஏட்டில் ஒரு சொல், மற்றோர் ஏட்டில் வேறொரு சொல் என்றால், ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்றதையும் மறைக்காமல் காட்டுகிறார். சென்ற பருவத்தில், வரைபடத்தின் கோட்டிலே அமையாத ஓர் அளவைச் சோதனைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கிவிட நான் எண்ணியதுண்டு. அன்றிரவு குறுந்தொகையைப் புரட்டியபோது அக்குறிப்புகள் கண்ணிற்பட்டன. நாணினேன். அந்த அளவு இன்றும் என் குறிப்பேட்டில் இருக்கிறது.

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் ஐயர் மறைந்தார். தலைவனும் தலைவியும் கொண்ட மாறாத காதலைப் பாடியது குறுந்தொகை. தமிழ்மீது கொண்ட மாறாத காதலால் அதனைக் காத்தார் அவர். படிக்காததைப் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, இருபத்தைந்து வயதில் மீண்டும் மாணவரானார் அவர். பிறந்த மொழியைப் பிழையறப் படிக்கத் தெரியாத என் போன்றார்க்கு அதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்? தோழர்களே, வாரம் ஒரு பாட்டேனும் கூடிப் படிப்போம், வாரீர்!