தாய்முகம் அறியாத முதலமைச்சர்

நம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த இராஜபாளையத்தில் 1898-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எட்டே நாளில் தாய் கண்மூடினார். குழந்தைக்கு மூன்று வயதானபோது தந்தையும் மறைந்தார். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த அந்தப் பிள்ளைதான் பின்னாளில் சென்னை மாகாணத்தையே ஆண்ட பி. எஸ். குமாரசுவாமி ராஜா.

தாய் தந்தை இல்லாமல் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். அதனால்தான் இவருடைய வாழ்க்கையை எழுத நாங்கள் விரும்பினோம்.

பெற்றோரை இழந்தவர்கள் எல்லாருமே மனஉறுதி பெற்றுவிடுவதில்லை. வாடிப் போகிறவர்களும் உண்டு. இவருக்கு ஊன்றுகோலாக இருந்தவை பாட்டியின் அன்பும், வாலிபப் பருவத்தில் காந்தியடிகள் மீது உண்டான நம்பிக்கையும்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கைக்காகக் கதர் உடுத்தினார், சிறைக்கும் சென்றார். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1949 ஏப்ரலில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பிறகு மாகாணத்தின் பிரதம மந்திரியானார். 1950 ஜனவரி 26-இல் இந்தியா குடியரசானபோது அந்தப் பதவியின் பெயர் முதலமைச்சர் என்று மாறிற்று. அவருடைய தாய்மொழி தெலுங்கு. ஆயினும் சென்னைப் பட்டணத்தை ஆந்திரத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை அவர் எதிர்த்தார். தம் மொழிக்காரர்களின் மனக்கசப்புக்கு ஆளாவோம் என்று தெரிந்தும் அப்படி நிற்பது எளிதா என்ன!

அரிசித் தட்டுப்பாடும் ரேஷனும் மக்களை வாட்டிய காலம் அது. 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், முதலமைச்சராக இருக்கும்போதே, நம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றுப்போனார். தோற்கடித்தவர் ஒரு சுயேச்சை வேட்பாளர். அவருடைய மந்திரிகளில் சிலரும் தோற்றார்கள். பெருந்தலைவர் காமராசரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். அவரும் முதலமைச்சராக இருந்தவர். 1967-இல் தாம் பிறந்த விருதுநகரிலேயே தோற்றவர். இன்று இந்த மூன்று ஊர்களும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் காமராசரைப் படித்த அளவுக்கு நாங்கள் குமாரசுவாமி ராஜாவைப் படித்ததில்லை. இத்தனைக்கும் அவர் ஊர் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்!

தோல்விக்குப் பிறகு அவர் ஒடுங்கிவிடவில்லை. 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் கவர்னராகப் பணிபுரிந்தார். இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையோ ஊர் மக்களுக்கே கொடுத்துவிட்டார். பதவியில் இருந்தவர்கள் வீடு வாங்கிய கதைகளைக் கேட்டிருக்கிறோம். இருந்த வீட்டைக் கொடுத்தவர் கதை எங்களுக்குப் புதிது. அந்த வீட்டுக்குக் காந்தி கலை மன்றம் என்று பெயர். தம் பெயரை அதற்கு அவர் வைத்துக்கொள்ளவில்லை. 1957 மார்ச் 16-ஆம் நாள் காலமானார்.