முதுமையிற் பாடும் நா: திருநாவுக்கரசு சுவாமிகள் சரிதம்

பாடுதல் இளையோர்க்கே உரியது, பல் விழுந்து குரல் தளர்ந்தபின் அது நகைப்புக்கிடமாகும் என்னும் எண்ணம் நம்மூர் முதியோர் பலரிடத்தே குடிகொண்டிருக்கின்றது. வாவிக்கரையிலுள்ள மண்டூர்க் கந்தசுவாமி சந்நிதியிலே பூசகர் வாய்கட்டி மௌனமாய்ப் பூசை செய்தல் தொன்றுதொட்ட மரபு. அம்மௌனம் பூசகர்க்குரிய நியமமேயன்றி அடியார்க்கு விதித்ததன்று. வீதியில் நிற்கும் முதியோரும் வாய்மூடி நிற்பராயின் அவர் இழப்பது பெரிது. அஃது எங்ஙனமெனின், திருநாவுக்கரசு சுவாமிகள் சரிதத்தை நோக்குக.

சுவாமிகள் கி. பி. 7-ம் நூற்றாண்டினர். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் புதல்வராய்த் தோன்றி, மருணீக்கியார் என்னும் நாமம் பெற்றார். பெற்றோரை இழந்து, தமக்கையார் திலகவதியாரின் ஆதரவிலே வளர்ந்தார். பின்பு சமண நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு அச்சமயத்தார்க்குத் தலைவராய் விளங்கினார். சூலைநோய் பற்றி வருத்த, தமக்கையாரை அடைந்து திருநீறு பெற்று, திருவதிகை வீரட்டானத்திலே கொல்லிப் பண்ணில் முதற் பதிகம் பாடினார், நோய் நீங்கிற்று.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் 3 வயதிற் பாடத் தொடங்கினார். இவரோ கல்வியும் பதவியும் பிணியும் கண்ட பின்னரே தொடங்கியவர். தொடங்கியபின் 81-ம் வயதில் இறைவனடி சேருமளவும் பாடினார் என்பது வழக்கு. கிடைத்துள்ள முந்நூற்றுக்கு மேற்பட்ட பதிகங்கள் 4, 5, 6-ம் திருமுறைகளாய் விளங்குகின்றன.

திருமறைக்காட்டிலே அடைபட்டிருந்த திருக்கதவைத் திறத்தற்பொருட்டுப் பிள்ளையார் வேண்ட, அப்பர் பாடினார். பதிகம் முடியுமட்டும் கதவு திறவாது தாழ்த்தது, இறுதியிலேயே திறந்தது. அதனை அடைத்தற்குப் பிள்ளையார் பாடியபொழுது முதற்பாட்டிலேயே அடைபட்டது. தமக்கு நேர்ந்த தாமதம் குறித்து அப்பர் வருந்தினார். எனினும் பாடுதலை விட்டாரில்லை. நம் குரல் இளையோர் குரல்போல் எழவில்லையே என்று நாணும் முதியோர் இதனைச் சிந்திப்பாராக.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது இருவரும் படிக்காசு பெற்று அடியாரை உண்பித்தனர். அப்பர் பெற்ற காசு வாசியில்லாதது. அவர் உழவாரமேந்திக் கைத்தொண்டும் செய்தமையே காரணமென்பர். பாட்டும் உடலுழைப்பும் அவரிடத்தே பிரியாதிருந்தன. முதுமையிலே கயிலையை நாடிச் சென்று, கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்து, இறைவன் பணித்தபடி பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். அங்கே கயிலைக் காட்சி கண்டு பாடினார். முடிவிலே திருப்புகலூரில் திருத்தொண்டு புரிந்து, பாடிக்கொண்டே சித்திரைச் சதய நாளிற் சிவனடி கலந்தார்.

இச்சரிதம் காட்டும் உண்மைக்கு இக்கால ஆராய்ச்சியும் சான்றாகின்றது. 2006-ம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், வாசிங்டன் பகுதியிலே 65 வயது கடந்தோர் வாரந்தோறும் கூடிப் பாடினர். ஓராண்டின்பின், பாடற்குழுவிற் சேராதாரோடு ஒப்பிடுமிடத்து, மருத்துவரை நாடுதலும் மருந்துண்ணலும் தவறி விழுதலும் இவர்களிடத்தே குறைந்திருக்கக் காணப்பட்டன. நெடிய அடியொன்றைப் பாடுதற்கு மூச்சை நிறைய உள்வாங்கிச் சிறிது சிறிதாய் விடல் வேண்டும். அது நெஞ்சிற்கு நல்ல பயிற்சி. மறதிநோயாலே பெற்ற மக்களின் பெயரை மறந்தவரும் இளமையிற் பயின்ற பாட்டை மறவாதிருத்தலுண்டு. எல்லாவற்றிலும் மேலாக, கூடிப் பாடுவோர்க்குத் தனிமைத்துயர் தணிகின்றது. பாட்டு மருந்துக்கு ஈடென்று கொள்ளற்க. மருந்து செய்யாததையும் அது செய்யும் என்பதே கருத்து.

ஆதலால் மாலைப்பூசை முடிந்தபின் முதியோர் மண்டபத்திலே கூடி அமர்க. ஒருவர் முன் சொல்ல மற்றையோர் தொடர்க. சுரம் பிழைப்பினும் அஞ்சற்க. பேரப்பிள்ளைகள் அயலிலிருந்து கேட்க. முதியோர் வாய்மூடின் பண்ணும் பதிகமும் அவரோடு மறையும். அவர் பாடின் அடுத்த தலைமுறையின் நாவிலே வாழும். திருக்கதவு தாழ்த்துத் திறப்பினும் திறக்கும்.

திருச்சிற்றம்பலம்.