மயிலாடி மகாராசன்

மயிலாடி என்றால் இன்று கல் சிற்பம்தான் நினைவுக்கு வரும். குமரி மாவட்டத்தின் அந்தச் சிற்றூரிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஒருவர் சிதம்பரத்துக்குப் புறப்பட்டார். பெயர் மகாராசன். பெயரில்தான் ராசன், பிறந்தது சாம்பவர் குடியில். திருவிதாங்கூர் அரசின் கீழ் அந்தக் குடியினர் தலைவரி கட்டினார்கள், கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள், பொது வழியில் நடக்கவே அஞ்சினார்கள். அவர்களின் பெண்கள் மேலாடை அணியக்கூடாது.

நடராசரைப் பார்க்க முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து போனாலும் கோயிலுக்குள் போக அவருக்கு வழியில்லை. நந்தன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனம் நிறையாமல் திரும்பியவர் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே ஓர் ஆலயத்தில் நடந்த ஆராதனைக்குப் போனார். உள்ளே உட்கார்ந்து கேட்க முடிந்தது. சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த ஜான் காஸ்பர் கோலாப் அங்கு போதகராக இருந்தார். அவரிடம் மகாராசன் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

ஊர் திரும்பியவர் கேட்டதை வீட்டிலும் உறவிலும் சொன்னார். சில குடும்பங்கள் சேர்ந்து செபித்தன. அவ்வளவுதான் தொடக்கம். வெள்ளைக்காரர் யாரும் அங்கில்லை, பணமும் இல்லை. எதிர்ப்பு மட்டும் நிறைய இருந்தது. வேதமாணிக்கம் மறுபடியும் தஞ்சாவூருக்கு நடந்தார், இம்முறை ஒரு போதகரைக் கேட்டு.

அந்த அழைப்பை ஏற்றவர் லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே. பிரஷ்யாவில் பிறந்தவர்; 1804-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மயிலாடி வந்து சேர்ந்தார். ஆலயம் கட்ட அரசின் அனுமதி வேண்டியிருந்தது. ரெசிடெண்டு மெக்காலே உதவினார் என்றாலும், வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சிக் காலம் அது. 1809-இல்தான் மயிலாடி ஆலயம் எழும்பியது.

ரிங்கல்தௌபே கறாரான மனிதர். வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பிக்கவே பலர் வருகிறார்கள் என்று சந்தேகப்பட்டார். கேட்டவுடன் ஞானஸ்நானம் கொடுத்துவிட மாட்டார். 1812 வாக்கில் சபையில் ஏறக்குறைய 600 பேர் இருந்தும் அவருக்குத் திருப்தியில்லை. நமக்கு இந்தச் சந்தேகம் புதிதல்ல. சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்ற ஏச்சை இன்றும் கேட்கிறோம். முதுகில் சுமையோடு இருப்பவன் அதை இறக்கி வைக்கும் இடத்தைத் தேடினால் அதில் என்ன களங்கம் என்பது நமக்குப் புரியவில்லை. அந்த 600 பேரும் போதகர் போன பிறகும் கலைந்துவிடவில்லை.

ஆம், அவர் போனார். உடல்நலம் கெட்டு 1816-இல் கப்பலேறியவரின் முடிவு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. போகும்போது தன் அங்கியை வேதமாணிக்கத்துக்கு அணிவித்துச் சபைகளை ஒப்படைத்தார் என்று சபை வரலாறுகள் சொல்கின்றன. 1818-இல் சார்லஸ் மீட் வரும் வரை பொறுப்பில் இருந்தவர் இந்தச் சாம்பவர்தான். பல ஊர்களில் சிதறியிருந்த சபைகளை அவர் கட்டிக் காத்தார். இந்த இரண்டு ஆண்டுகளை நம் பாடநூல்கள் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. அன்று அவர் தளர்ந்திருந்தால் மீட் வந்து பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்?

மீட் மிஷனின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். பள்ளிகள் பெருகின. இன்று நாகர்கோவிலில் உள்ள ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தன் தொடக்கத்தை மயிலாடியில் 1809-இல் ஆரம்பித்த பள்ளியிலிருந்துதான் கணக்கிடுகிறது. 1847-இல் மிஷனரிகள் அடிமை முறைக்கு எதிராக மன்னருக்கு மனுக் கொடுத்தார்கள். 1855-இல் திருவிதாங்கூரில் அது ஒழிக்கப்பட்டது. மிஷனரிகள் மட்டுமே இதைச் சாதித்தார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். எழுதப் படிக்கக் கற்ற, வழக்குமன்றப் படியேறத் துணிந்த ஒரு தலைமுறை அதற்குள் உருவாகியிருந்தது.

மயிலாடியில் இருக்கும் ஆலயத்துக்கு ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம் என்று பெயர். பெயரில் போதகர் முதலில் வருகிறார். ஆனால் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பியபோது ரிங்கல்தௌபே இந்தியாவின் தென்கோடியை வந்து பார்த்திருக்கவேயில்லை.