மதுக்கடைகளை மூடிய மூதறிஞர்

தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்காக மதுவொழிப்பைப் பற்றித் தேடியபோதுதான் எமது கல்லூரி நூலகத்தில் ராஜாஜியின் வாழ்க்கை வரலாறு என் கையில் கிடைத்தது. போட்டி முடிந்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் என் நினைவை விட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது.

மது நமக்கு ஹராம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஊரில் ஒரு தவறணைகூடக் கிடையாது. இருந்தும் என் மாமா ஒருவர் பொழுது சாய்ந்தால் வாவியைக் கடந்துபோய்க் குடித்துவிட்டு வருவார். மாமியின் காதுப்பூ அடகுக் கடைக்குப் போய்விட்டது. மாமியிடம் கேட்டுவிட்டே இதனை எழுதுகிறேன். மார்க்கம் தடுத்தும், ஊரில் கடை இல்லாதிருந்தும் ஒருவர் குடிக்கிறார் என்றால், சட்டம் போட்டு என்ன பயன்? இந்தக் கேள்வியோடுதான் அந்த நூலைத் திறந்தேன்.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1878 டிசம்பர் 10ஆம் திகதி ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் நல்ல வருமானமுள்ள வக்கீலாக இருந்தவர், காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் தொழிலைக் கைவிட்டுச் சிறை சென்றார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை அமைத்தார். ஏழைகளின் கூலி கள்ளுக்கடைக்குப் போய்ச் சேர்வதை அங்கே அருகிலிருந்து கண்டார். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக உழைத்தவர், நாம் எல்லோரும் விரும்பி வாசிக்கும் கல்கி.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். மூன்று மாதம் நிறையுமுன்பே, ஒக்டோபர் 1ஆம் திகதி, தமது சேலம் மாவட்டம் முழுவதிலும் மதுவைத் தடை செய்தார். முதலில் ஒரு மாவட்டம், பிறகு அடுத்தது என்பதே அவரது திட்டம். 1938இல் சித்தூரும் கடப்பையும், 1939இல் வட ஆர்க்காடும் சேர்ந்தன. சட்டத்தைக் காக்கும் பொறுப்பு காவல்துறைக்கும் அதிகாரிகளுக்கும் இருந்தது. அத்துடன் அவர் நிற்கவில்லை. குடித்துப் பழகியவரின் மாலைப்பொழுது வெறுமையாக இருந்தால் கால் பழைய இடத்துக்கே போகும் அல்லவா? அதனால் ஊர்களில் விளையாட்டுகளும் பஜனைகளும் தெருக்கூத்துகளும் நடந்தன. மது வரி நின்றதால் அரசுக்கு விழுந்த துண்டை நிரப்ப, 1939இல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார்.

எல்லாம் சுமுகமாக நடந்ததென்று சொல்ல மாட்டேன். மரமேறிப் பிழைத்தவர்கள் தொழிலிழந்தார்கள். இரகசியமாகக் காய்ச்சுவோரும் இருந்தார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மது தடைசெய்யப்பட்டபோது கடத்தல் கும்பல்கள் பெருகி, கடைசியில் சட்டமே கைவிடப்பட்டது. எமது நாட்டில் 1912இல் தவறணைகளுக்கு எதிராக எழுந்த இயக்கத்தில் சேனநாயக்க சகோதரர்கள் முன்னின்றார்கள். இங்கேயும் தவறணைகள் முற்றாக மறையவில்லை. ராஜாஜியும் பிழை செய்யாதவர் அல்லர். பாடசாலைகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியதும், பிற்காலத்தில் கொண்டுவந்த கல்வித் திட்டமும் அவருக்குக் கடும் எதிர்ப்பைத் தேடித் தந்தன.

1939 ஒக்டோபரில் அவர் பதவி விலகினார். அவர் ஏற்படுத்திய மதுவிலக்கு போர்க்காலத்தில் தளர்த்தப்பட்டது. எனினும் 1948இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது. அந்த ஆண்டில் ராஜாஜி இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார்.

1971இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தது. அப்போது ராஜாஜிக்கு வயது 92. அந்தத் தள்ளாத வயதிலும் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கு நேரில் சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோரிக்கை ஏற்கப்படவில்லை. கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25ஆம் திகதி அவர் காலமானார். 1974இல் தமிழகத்தில் மதுவிலக்கு மீண்டும் வந்தது; பின்னர் மறுபடியும் போனது. இன்று அங்கே அரசாங்கமே மது விற்கிறது.

அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா? நான் அப்படி நினைக்கவில்லை. கடை மூடியிருந்த ஒவ்வொரு மாலையும் ஏதோ ஒரு வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். சட்டம் கடையைத்தான் மூடும். மனிதனின் மாலைப்பொழுதை அவனைச் சுற்றியுள்ளவர்கள்தான் நிரப்ப வேண்டும். சேலத்திலிருந்து நான் கற்றது இதுதான்.

இதை ஒருநாள் சோறு தின்னும்போது வாப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மஃரிப் தொழுதுவிட்டு வலை வைக்கப் போனபோது மாமாவையும் தோணியில் ஏற்றிக்கொண்டார். அதிலிருந்து தினமும் இருவரும் போகிறார்கள். இரண்டு தடவை மாமா வராமல் அக்கரைக்கே போய்விட்டார். மூன்றாம் நாள் வாப்பா அவருடைய வாசலில் போய் நின்றார்.

இது நான்காவது மாதம். மாமியின் காதுப்பூ இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அதை மீட்பதற்கு மீன் விற்ற காசில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறார் மாமா.