ஒளி கொண்டு வரைந்த கலைஞர் லயனல் வென்ட்

கண்டி நடனத்தின் எழிலை உலகோர் கண்முன் நிறுத்திய பெருமக்களுள் லயனல் வென்ட் ஒருவர். அவர் 1900ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் உயர் நீதிமன்ற நீதியரசர். எனினும் கமராவிலே பெருவிருப்புடையவர். 1906இல் இலங்கையில் தோன்றிய புகைப்பட ஆர்வலர் சங்கத்தைத் தொடக்கியோருள் அவரும் ஒருவர். ஆதலின், மைந்தருக்குக் கமரா இளமையிலேயே வீட்டிற் கண்டு பழகிய பொருளாயிற்று. 1911இல் தந்தையார் மறைந்தார். அவர் ஊன்றிய வித்து மறையவில்லை.

வென்ட் இங்கிலாந்து சென்று சட்டமும் பியானோ இசையும் பயின்று 1924இல் மீண்டார். தந்தைவழித் தொழிலாகிய சட்டம் பொருளும் பதவியும் தரக் காத்திருந்தது. அவரோ அதனைக் கைவிட்டு இசையை நாடினார். 1930களிற் கமரா அவரை முற்றும் ஆட்கொண்டது.

அக்காலத்துப் படப்பிடிப்பாளர் பலர் நம் நாட்டு மக்களை அஞ்சலட்டைக்குரிய வேடிக்கைப் பொருளாகவே கண்டனர். வென்டோ ஆடுவோரையும் உழைப்போரையும் பெருமிதம் பொருந்திய மனிதராகக் கண்டார். 1934இல் ஆங்கிலேயராகிய பசில் ரைற் ‘இலங்கைப் பாடல்’ எனும் திரைப்படத்தை ஆக்க வந்தபோது, அவருக்கு உறுதுணையாய் நின்றவர் வென்டே. கண்டி நடனமும் சிவனொளிபாத மலை யாத்திரையும் அப்படத்தில் இடம்பெற்றன. கண்டி அரசிலே ஏறக்குறைய இருபதாண்டு சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் உரைப்பகுதிகளை, வென்ட் தம் குரலாலேயே அப்படத்திற் படித்தார். 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் அது முதற்பரிசு பெற்றது.

1938இல் வென்டின் படங்கள் இலண்டனிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. 1943இல், கண்டியிற் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் முதலியோருடன் கூடி ‘நாற்பத்து மூன்று குழு’வை நிறுவினார். மறு ஆண்டு டிசெம்பர் 19ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார்.

அவர் மறைந்தபின் படச்சுருள்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்டு வைத்திருந்த படங்களே எஞ்சின. அவற்றைக் கொண்டு 1950இல் ஒரு நூல் வெளிவந்தது. இன்று நாம் அவரை அறிவது அவற்றாலேயே.

மாணவச் செல்வங்களே! சிறுவயது விருப்பமெல்லாம் வாழ்க்கைத் தொழிலாதல் அரிது. ஆயின், வென்ட் தம் விருப்பத்தை ஓயாத உழைப்பாற் கலையாக்கினார். பெற்றோரும் ஆசிரியருமாகிய நாமும், பிள்ளை கையிலெடுக்கும் கருவியைப் பறிக்குமுன் சற்றே சிந்தித்தல் நன்று.